குவாங்ஜுவுக்கு ஒரு டிக்கெட்

அன்புள்ள அத்தைக்கு,

'கடிதம் முழுக்க நான், நான் என்று ஒரே தம்பட்டம்' என்று போன முறை திட்டியிருந்தீர்கள். ஆகவே இதில் 'நான்' கிடையாது. உங்கள் மருமகன்தான் உண்டு. சனிக்கிழமை அவன் அடித்த கூத்தைப் படித்தால், 'நான்' என்று எழுத அவனே ஏன் கூசுகிறான் என்பதும் புரியும்.

அலுவலக நண்பன் தன் அம்மா வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தான். ஊர் குவாங்ஜு. மருமகன் சியோல் பேருந்து நிலையத்தில் கொரிய மொழியிலேயே டிக்கெட் கேட்டு வாங்கி, அந்தப் பெருமையில் சன்னலோரம் சாய்ந்து தூங்கிப்போனான். ஒரு மணி நேரத்தில் வரவேண்டிய ஊர் மூன்றரை மணி நேரம் கழித்து வந்தது.

கொரியாவில் குவாங்ஜு இரண்டு!

ஒன்று சியோலுக்குப் பக்கத்தில், கியோங்கி மாகாணத்தில். மற்றது சுமார் 270 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் பெருநகரம். ஹங்குல் எழுத்தில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். சீன எழுத்தில் எழுதினால்தான் குட்டு உடைபடும்: பக்கத்து ஊரின் 'குவாங்' அகலம், தூரத்து ஊரின் 'குவாங்' ஒளி. ஒளியூரைச் சுத்தக் கொரிய மொழியில் 'பிட்கோவுல்' என்றும் செல்லமாகச் சொல்கிறார்கள். மருமகன் அந்த ஒளியில் பத்து நிமிடம் நின்றுவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பினான்.

மதியச் சாப்பாடு இரவுச் சாப்பாடானது. நண்பனின் அம்மா சூப்பை மறுபடி சுடவைத்துக்கொண்டே வகுப்பும் எடுத்தார். 757ஆம் ஆண்டில் சில்லா நாட்டு மன்னர் கியோங்தொக், ஊர்ப்பெயர்களையெல்லாம் சீனப் பாணிக்கு மாற்றினாராம். அந்தப் பழக்கம் பிறகும் நீடித்தது. தேஜொன் நகரத்தின் நாட்டுப் பெயர் 'ஹன்பட்', அதாவது பெரிய வயல். அதையே சீன எழுத்துக்கு மாற்றியபோது தேஜொன் ஆகிவிட்டது. பழைய பெயர் போய்விடவில்லை. அங்கே பல்கலைக்கழகத்துக்கும் மரப்பூங்காவுக்கும் இன்றும் ஹன்பட்தான் பெயர். புசான் என்றால் கொப்பரை மலை. உங்கள் சமையலறைக்குப் பொருத்தமான ஊர்.

மாகாணப் பெயர்களில் சூட்சுமம் வேறு. இரண்டு பெரிய ஊர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் மாகாணம் தயார். கியோங்ஜுவும் சாங்ஜுவும் சேர்ந்து கியோங்சாங். ஜொன்ஜுவும் நாஜுவும் சேர்ந்து ஜொல்லா. 1018இல் வைத்த இந்தப் பெயருக்கு 2018இல் ஆயிரமாண்டு விழாவே எடுத்தார்கள். 'ஜொள்ளா?' என்று சிரிக்காதீர்கள். கொரியாவில் சாப்பாட்டுக்குப் பேர் போன பகுதி அதுதான்; ஜொன்ஜுவின் பிபிம்பாப்பைப் பார்த்தால் ஜொள்ளுதான் வரும்.

இடக்குப் பெயரில் திண்டாடுவது வெளிநாட்டான் மட்டுமல்ல. சியோல் மெட்ரோவின் 2ஆம் தடத்தில் சின்ச்சோன், சின்ச்சொன் என்று இரண்டு நிலையங்கள் இருந்தன. முன்னது புதுக் கிராமம், பின்னது புது ஓடை. குறிலுக்கும் நெடிலுக்கும் இருக்கிற அளவுதான் காதுக்கு வேறுபாடு. நேரிலோ நகரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமான தூரம். கடைசியில் 2016 டிசம்பரில் ஓடையின் பெயரை 'ஜம்சில்சேனே' என்று மாற்றினார்கள். ஜம்சில் என்பது பட்டுப்புழு வளர்த்த இடம். 'சேனே' என்றால்? அதே புது ஓடைதான், சுத்தக் கொரிய மொழியில்! சீன எழுத்துப் பெயரால் குழப்பம் வந்ததும், அடியில் கிடந்த நாட்டுச் சொல்லைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள்.

'சியோல்னா என்னடா அர்த்தம்?' என்று கேட்டிருந்தீர்கள். தலைநகரம், அவ்வளவே. சீன எழுத்தே இல்லாத பெயர் அது. சீனர்களோ பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு ஹான்செங் என்றே எழுதிவந்தார்கள். பொறுத்துப் பார்த்த மாநகராட்சி, 2005இல் ஓசைக்குப் பொருந்துகிற இரண்டு சீன எழுத்துகளைத் தானே தேர்ந்தெடுத்து, 'இனி இப்படி எழுதுங்கள்' என்று கொடுத்துவிட்டது.

அடுத்த மாதம் அலுவலகத்தில் கோசோங்குக்குச் சுற்றுலா. கோசோங்கும் இரண்டு! ஒன்று வட கொரிய எல்லையோரம், மற்றது தென்கோடியில். இரண்டிலும் கடற்கரை இருப்பதால் இறங்கிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. மருமகன் இந்த முறை டிக்கெட் எடுக்கப் போவதில்லை. நண்பனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே போவதாக இருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்