வாலுக்கு வரி

மூலக்கொத்தளத்துக்காரனுக்கு லத்தீன் தெரியாது என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். தெருவில் இறங்கினாலே நாங்கள் லத்தீன் மேல்தான் நடக்கிறோம். 'வால்டாக்ஸ் ரோடு' என்பதில் ரோட்டை மட்டும் கழித்துவிட்டால், மீதி அத்தனையும் ரோமாபுரிச் சரக்கு.

"இன்னா மாமா, வாலுக்கெல்லாமா வரி போட்டாங்க?" என்றான் என் தங்கை மகன். அவன் வாலுக்குப் போட்டிருந்தால் கஜானா நிரம்பியிருக்கும்!

ஹைதர் அலி மேல் இருந்த பயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் சென்னையின் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினான். 1772 வாக்கில் வேலை முடிந்தது. அதன் வடமேற்கு மூலையில் இருந்த கொத்தளம்தான் எங்கள் ஊருக்குப் பெயர் தந்தது என்பார்கள். மதில் கான்ட்ராக்டர் பால் பென்ஃபீல்டு. ஆற்காட்டு நவாபுக்கே வட்டிக்கு விட்ட ஆசாமி. அவரே 1810இல் பாரிஸில் ஓட்டாண்டியாகச் செத்தார். மதிலுக்கு ஆன செலவை உள்ளே குடியிருந்தவர்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். வரி வசூலாகவில்லை, மதிலும் பெரும்பாலும் போயிற்று, பெயர் நிற்கிறது. இப்போதைய பெயரான வ.உ.சி. சாலை என்று சொன்னால், "வால்டாக்ஸ் ரோடா?" என்று ஆட்டோக்காரர் திருப்பிக் கேட்கிறார்.

'வால்' வந்தது 'வல்லும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து. கழிகளை நட்டுக் கட்டிய அரண். 'டாக்ஸ்' வந்தது 'டாக்ஸாரே'யிலிருந்து. திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பது, பிறகு மதிப்புப் போடுவது. "பாக்கெட்டுல கை வெச்சுட்டான்" என்று நம் ஜனம் சொல்வது லத்தீன் இலக்கணப்படியே சரி. டிவியில் கொடுக்கிறார்களே 'டாஸ்க்', அதுவும் இதே வயிற்றுப் பிள்ளைதான்.

வல்லுமுக்கு இன்னொரு வாரிசு உண்டு: இன்டர்வல்! 'இன்டர்வல்லும்' என்றால் அரண்களுக்கு இடைப்பட்ட இடம். ரோமானியப் பாசறையில் அரணுக்கும் கூடாரத்துக்கும் நடுவே வெட்டவெளி விட்டிருப்பார்கள், எதிரி எறிவது கூடாரத்தில் விழாதிருக்க. நம் சினிமாக்காரர்களும் விவரமானவர்கள்தான். முதல் பாதியில் அடிபட்டவன் இரண்டாம் பாதிக்குள் சமோசா தின்று தேறிக்கொள்ளட்டும் என்று அதே இடைவெளியை விடுகிறார்கள்.

ஆக, கம்பெனியால் வசூலிக்க முடியாத வால்டாக்ஸ் வசூலாகாமல் போய்விடவில்லை. இன்டர்வலும் கேளிக்கை வரியும் சேர்ந்த ஒரே டிக்கெட்டாக, தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் கவுன்டரில் நாங்களே வரிசையில் நின்று, முண்டியடித்து, சட்டை கிழியக் கட்டினோம். 2020இல் தியேட்டரை மூடும்வரை பாக்கியில்லை.