கிழக்கே போகும் கப்பல்

பூமி தட்டை என்று சாதித்த மூடர்களுக்கு நடுவே உருண்டை என்று சொன்ன ஒரே ஆள் கொலம்பஸ் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 1828-இல் வாஷிங்டன் இர்விங் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஊதிப் பெரிதாக்கிய கதை அது. ஸ்பெயின் அரசி கூட்டிய பண்டிதர்களுக்குப் பூமி உருண்டை என்பது நன்றாகவே தெரியும். மேற்கே போனால் ஆசியா வரும், ஆனால் கொலம்பஸ் சொல்வதைவிட வெகு தூரத்தில் வரும் என்பதுதான் அவர்கள் வாதம். அவர்கள் சொன்னது சரி. அதனால்தான் அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

கொலம்பஸின் கணக்கு அலாதியானது. பூமியின் சுற்றளவில் ஒரு டிகிரிக்கு 56⅔ மைல் என்று வானியலாளர் அல் ஃபர்கானி எழுதி வைத்திருந்தார். அது அரபு மைல். நம்மவர் அதை நீளம் குறைந்த இத்தாலிய மைலாக எடுத்துக்கொள்ள, பூமி கால்வாசி இளைத்தது. பிறகு மார்க்கோ போலோவைப் படித்துவிட்டு ஆசியாவைப் பிடித்துக் கிழக்கே நீட்டினார். கானரித் தீவுகளிலிருந்து ஜப்பானுக்கு 2,400 கடல் மைல் என்று விடை வந்தது. நிஜத்தில் பத்தாயிரத்துக்கு மேல். 'ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்' என்று மனை விற்கிறவர்கள்கூட இந்த அளவுக்குத் துணிந்ததில்லை.

1492 ஆகஸ்ட் 3 அன்று பாலோஸ் துறைமுகத்திலிருந்து மூன்று கப்பல்கள் கிளம்பின. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம் என்று நம் பஞ்சாங்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். போயே தீரவேண்டும் என்றால் கொஞ்சம் வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். சொல்வதற்கு அங்கே ஆளில்லை. இருந்திருந்தால், இந்தியாவுக்குப் புறப்பட்டவர் வாயில் ஒரு இந்தியப் பரிகாரமாவது போயிருக்கும்.

கப்பலில் திசை நான்கோ எட்டோ அல்ல, 32. மாலுமியாக வருகிறவன் அத்தனையையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். திசைகாட்டி ஊசியைக் காந்தக்கல்லில் தேய்த்து முறுக்கேற்றுவார்கள். பூண்டு பட்டால் காந்தம் செத்துவிடும் என்று பலரும் நம்பிய காலம். 1600-இல் வில்லியம் கில்பர்ட் காந்தத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது அதைக் கட்டுக்கதையில் சேர்த்தார். அதற்குள் எத்தனை சமையல்காரர்கள் திட்டு வாங்கினார்களோ.

செப்டம்பர் 17. சுற்றிலும் தண்ணீர். இரவில் வழக்கம்போலத் துருவ நட்சத்திரத்தையும் ஊசியையும் ஒப்பிட்டுப் பார்த்த மாலுமிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. ஊசி நட்சத்திரத்தைப் பார்க்காமல் வடமேற்காக விலகி நின்றது. கொஞ்சநஞ்சமல்ல, முழுசாக ஒரு திசைப்புள்ளி, அதாவது 11¼ டிகிரி. ஊசியே பொய் சொன்னால் யாரை நம்புவது? கொலம்பஸ் அசரவில்லை. விடியற்காலையில் மறுபடி பாருங்கள் என்றார். பார்த்தார்கள். ஊசி ஒழுங்காக நின்றது. ஊசி சரியாகத்தான் இருக்கிறது, நட்சத்திரம்தான் நகர்கிறது என்று தீர்ப்பும் சொன்னார். வேலையாட்களின் வாயை அடைக்க வானத்து நட்சத்திரத்தின் மேல் பழியைப் போட்ட முதலாளி வேறு யாரும் உண்டா, தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதில் பாதி உண்மை. அன்றைக்குத் துருவ நட்சத்திரம் நிஜத் துருவத்திலிருந்து சுமார் மூன்றரை டிகிரி தள்ளி இருந்தது. இரவெல்லாம் ஒரு சின்ன வட்டம் போடும். மீதிப் பாதி, காந்த வடக்கும் நிஜ வடக்கும் ஒன்றல்ல என்பது. ஊசி நேர்த்திசையிலிருந்து சற்று விலகுகிறது என்று சீனாவில் ஷென் குவோ என்ற அறிஞர் நானூறு ஆண்டுக்கு முன்பே எழுதிவிட்டார். சீனாவைத் தேடிப் போனவருக்கு மட்டும் அது எட்டவில்லை.

அக்டோபர் 12, மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை, நிலம் வந்தது. மாதக் கடைசியில் கியூபா. அங்கே நட்சத்திர உயரத்தை அளந்து 42 டிகிரி வடக்கு என்று குறித்துக்கொண்டார். நிஜத்தில் 21. அவர் கணக்குப்படி கியூபாவின் கிளிகளும் வெயிலும் வட ஸ்பெயினுக்கு நேரே இருந்திருக்க வேண்டும். பிறகு அவருக்கே சந்தேகம் வந்து, கருவி கெட்டுப்போயிற்று, கரை சேர்ந்ததும் பழுது பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்தார்.

கருவி கெட்டால் என்ன, இது சீனா என்பதில் மாற்றமில்லை. ஹீப்ரு, அரமேயம், கொஞ்சம் அரபி தெரிந்த லூயிஸ் டி டோரஸைத் துணையோடு காட்டுக்குள் அனுப்பினார், மகா கானைப் பார்த்து அரசரின் கடிதத்தைக் கொடுத்துவர. கான்களின் ஆட்சி சீனாவில் 1368-லேயே கவிழ்ந்துவிட்டது. போனவர்கள் கண்டது ஐம்பது வீடுகள் கொண்ட ஓர் ஊர். மக்கள் ஏதோ ஓர் இலையைச் சுருட்டிப் பற்றவைத்துப் புகைத்துக்கொண்டிருந்தார்கள். அரமேயம் யாருக்கும் புரியவில்லை.

இரண்டாம் பயணத்தில் கியூபாவின் தென்கரையை ஒட்டி மேற்கே வெகுதூரம் போனார். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் தீவின் முனை வந்திருக்கும். வந்துவிட்டால் வம்பு என்று நினைத்தாரோ என்னவோ, கப்பலைத் திருப்பினார். 1494 ஜூன் 12 அன்று நோட்டரியை விட்டு எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார்: இது தீவல்ல, கண்டம். பின்னால் மாற்றிப் பேசினால் 10,000 மரவேடி அபராதம், நாக்கு அறுபடும். பூகோளத்தைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தவர் அவர்தான்.

1498-இல் மூன்றாம் பயணம். அந்த மே மாதம் வாஸ்கோ ட காமா, ஆப்பிரிக்கக் கரையில் வழி தெரிந்த ஒருவரைக் கேட்டு ஏற்றிக்கொண்டு கோழிக்கோட்டுக்கே வந்து இறங்கிவிட்டார். கேட்டால் வழி கிடைக்கும் போலிருக்கிறது. கொலம்பஸோ தன் பயணத்தில் துருவ நட்சத்திரத்தை அளந்து பார்த்தார், கணக்கு உதைத்தது. இம்முறை பழி பூமியின் மேல். பூமி உருண்டையே இல்லையாம், பேரிக்காய் மாதிரியாம், கப்பல் அதன் காம்பை நோக்கி மேடேறிக்கொண்டிருக்கிறதாம், உச்சியில் ஏதேன் தோட்டமாம்.

அந்தக் கியூபா சத்தியத்தில் கையெழுத்திட்டவர்களில் வரைபடம் வரையும் ஹுவான் டி லா கோசாவும் ஒருவர். 1500-இல் அவர் ஓர் உலகப் படம் வரைந்து தன் பெயரையும் போட்டார். அதில் கியூபாவைச் சுற்றி நாலாபுறமும் கடல். சத்தியத்தில் தண்டனை நாக்குக்குத்தான். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.