வீட்டில் அம்மை போட்டிருக்கும்போது ஆபீஸில் நடந்துகொள்வது எப்படி?

பங்குனி வெயில் ஏறியதும் பையன் முதுகில் நாலு கொப்புளம். பாட்டி பார்த்த மாத்திரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறிவிட்டது, அடுப்பில் தாளிப்பு நின்றுவிட்டது. பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. நாளைக் காலை ஆபீஸில் நீங்கள் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் இனிப் பிரச்சினை. கவலையே படாதீர்கள். இந்த வித்தையில் நீங்கள் ஏற்கெனவே பாதி தேறியவர். மீதியைச் சொல்லித் தருகிறேன்.

1. உங்களுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு போன் போட்டால் போதும், எந்த வகுப்பில், எந்தப் பரீட்சைக்கு முன்னால் என்பதுவரை சொல்லிவிடுவார். வந்திருந்தால் மறுபடி வருவது அபூர்வம். தாராளமாக ஆபீஸ் போகலாம், ஒருவருக்கும் கெடுதல் இல்லை. வராதவராகவும் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால், ஒரே வீட்டில் புழங்குகிற உங்களுக்குத் தொற்றும் வாய்ப்பு பத்துக்கு ஒன்பது வரை. இந்த ஒரு விவரம் தெரிந்துவிட்டால் கீழே உள்ள பாடங்களெல்லாம் வீண். ஆகவே முறை இதுதான்: ஏற்கெனவே வந்தவர், “எதுக்கு ரிஸ்க்” என்று பத்து நாள் லீவு போடுங்கள். வராதவர், “நமக்கெல்லாம் எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி” என்று வண்டியை எடுங்கள்.

தொற்று நேர்ந்த மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் பலன் உண்டு என்பார் டாக்டர். அது அரசு இலவசமாகப் போடும் ஊசிகளின் பட்டியலில் இல்லை. தனியாரிடம்தான் காசு கொடுத்துப் போட வேண்டும். “வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன் டாக்டர்” என்று சொல்லுங்கள். ஆறாம் நாள் வரை கலந்து பேசுங்கள்.

2. லீவை எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்த்துவிடுங்கள்.

இதுதான் கலையின் உச்சம், கவனமாகக் கேளுங்கள். சின்னம்மைக் கிருமி உடம்புக்குள் போய்க் கொப்புளமாக வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பையனிடமிருந்து உங்களுக்கு ஒட்டியிருந்தாலும் முதல் ஏழு நாள் உங்களால் யாருக்கும் ஆபத்தில்லை. எட்டாம் நாளிலிருந்து இருபத்தோராம் நாள் வரைதான் எச்சரிக்கை வேண்டும். எனவே அந்த முதல் ஏழு நாளும் வீட்டில் இருந்து, இருக்கிற கேஷுவல் லீவை எல்லாம் கரைத்துவிடுங்கள். எட்டாம் நாள் காலை குளித்து, விபூதி இட்டு, பயோமெட்ரிக்கில் விரல் வையுங்கள்.

நம் வழக்கமும் இதற்குக் கச்சிதமாக ஒத்துழைக்கிறது. மூன்று தண்ணி ஊற்றியாயிற்று, வேப்பிலை இறங்கியாயிற்று, வீட்டில் மறுபடி கடுகு வெடிக்கிறது. பையனைப் பொறுத்தவரை அது நியாயம்தான். கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டிவிட்டால் அவனால் இனிப் பரவாது. அவன் உங்களிடம் ஒப்படைத்ததற்கு இன்னும் யாரும் தண்ணி ஊற்றவில்லை என்பதை மட்டும் நினைக்காதீர்கள். “தண்ணி ஊத்தியாச்சு சார்” என்ற ஒரு வாக்கியத்துக்கு முன்னால் எந்த மேனேஜரும் மறுகேள்வி கேட்டதில்லை.

3. வீட்டு விதிகளை வீட்டோடு விட்டுவிடுங்கள்.

பாட்டியின் சட்டம் கடுமையானது. வெளியார் உள்ளே வரக்கூடாது, நாம் யார் வீட்டுக்கும் போகக்கூடாது, கல்யாணம் காட்சி கிடையாது, பால்காரர் படிக்கு அந்தப் பக்கமே நிற்க வேண்டும். தொற்றுநோய்க்கு இதைவிட நல்ல தனிமைப்படுத்தலை எந்தச் சுகாதாரத் துறையும் எழுதித் தர முடியாது. அதை அப்படியே கடைப்பிடியுங்கள், மாலை ஏழரை முதல் காலை எட்டு வரை. மீதி நேரம் மின்சார ரயில், ஷேர் ஆட்டோ, ஏசி அறை. ஆபீஸ் என்பது யாருடைய வீடும் அல்லவே.

4. சொல்லுங்கள், ஆனால் ஒன்றும் சொல்லாதபடி சொல்லுங்கள்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. “பையனுக்குக் கொஞ்சம் ஃபீவர்.” “ஏதோ வைரல் மாதிரி.” “வெயிலுக்கு உடம்புல பொரிப்பொரியா வந்திருக்கு.” மூன்றும் உண்மை. பக்கத்து மேசைக்காரர் “அம்மையா சார்?” என்று நேராகக் கேட்டுவிட்டால் மட்டும், அப்படிச் சொல்லக்கூடாது என்பதுபோல் கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பக்தியைக் குறுக்கு விசாரணை செய்யும் துணிச்சல் எந்த ஹெச்.ஆருக்கும் வராது.

5. கர்ப்பிணி சக ஊழியரிடம் மிகுந்த கரிசனம் காட்டுங்கள்.

உங்கள் பிரிவில் ஒருவர் நாலாம் மாதத்தில் இருப்பார். எல்லோரிடமும் சொல்லுங்கள், அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள்; பாவம், பயந்துவிடுவார். கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் அது நுரையீரல்வரை போய் நிமோனியா ஆகலாம், முதல் 20 வாரத்தில் வந்தால் அரிதாகச் சிசுவையும் பாதிக்கலாம் என்பதெல்லாம் அவர் டாக்டரின் கவலை. அந்த டாக்டருக்கு விஷயம் சீக்கிரம் தெரிந்தால் ரத்தம் பரிசோதித்து, தேவைப்பட்டால் தொற்று நேர்ந்த 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசி போடுவார். நீங்கள் பதினோராம் நாள் சொல்லுங்கள். “உங்களைப் பயமுறுத்த வேண்டாம்னுதான் மேடம் சொல்லலை” என்று ஆரம்பியுங்கள். கையில் அவருக்காகவே வாங்கிவந்த மாங்காய் இருக்கட்டும்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர், நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் ஆகியோருக்கும் இதே மரியாதை. மாங்காய் வேண்டாம்.

6. சுத்தம் சோறு போடும்.

கைகுலுக்க மறுத்து வணக்கம் வையுங்கள். சானிடைசரை எல்லோரும் பார்க்கத் தேய்த்துக்கொள்ளுங்கள். பிறகு, காற்றிலேயே பரவக்கூடிய ஒரு நோயின் வாய்ப்போடு, ஜன்னல் இல்லாத மீட்டிங் அறைக்குள் எட்டுப் பேரோடு ஒன்றரை மணி நேரம் கதவை மூடிக்கொண்டு உட்காருங்கள்.

7. மேனேஜராக இருப்பவர்களுக்குத் தனிப் பாடம்.

“உடம்பு சரியில்லாதது உங்களுக்கா, குழந்தைக்கா?” இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். குழந்தைக்கு என்றால் சிக் லீவு கிடையாது; சட்டம் உங்கள் பக்கம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு தருவது, ஊழியருக்கு வந்த நோய்க்குத்தான். அதே சட்டம், அதே மூச்சில், நியாயமான எந்தக் காரணத்துக்கும் இன்னொரு 12 நாள் தற்செயல் விடுப்பு தருகிறதே என்று யாராவது இழுத்தால், “மார்ச் எண்டிங் முடியட்டும், பார்க்கலாம்” என்று முடித்துவிடுங்கள்.

உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. மத்திய அரசின் பழைய விடுப்பு விதிகளில் குவாரண்டைன் லீவு என்று ஒன்று இருந்தது. ஊழியரின் வீட்டில் தொற்றுநோய் என்றால் 21 நாள், தவிர்க்க முடியாவிட்டால் 30 நாள், ஆபீஸ் பக்கம் வராதே என்று அரசே அனுப்பிவைக்கும். அது அவர் விடுப்புக் கணக்கிலும் கழியாது. இவ்வளவு தாராளமாக எழுதிய அதே பேனா, சின்னம்மைக்கு இது பொருந்தாது என்றும் எழுதியது. ஒருவேளை பெரியம்மையாக இருக்குமோ என்று சுகாதார அதிகாரிக்குச் சந்தேகம் தட்டினால் மட்டும் தரலாமாம். பெரியம்மை உலகத்தைவிட்டே போய்விட்டதாக 1980இல் அறிவித்துவிட்டார்கள். சந்தேகப்படுவதற்குக்கூட இப்போது வழியில்லை.

ஒரு நாளும் லீவு போடாதவருக்கு ஆண்டு விழாவில் வெள்ளிக் குத்துவிளக்கு கொடுக்கும் வழக்கத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். தும்மிக்கொண்டாவது வருவார்கள்.

8. பதினாலாம் நாள் உங்கள் நெற்றியில் ஒன்று முளைக்கும்.

வேர்க்குரு. முழுக்கை சட்டை போடுங்கள். பெரியவர்களுக்கு வந்தால் குழந்தைகளைவிடக் கடுமையாக இருக்கும், முதல் 24 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்தால் அசைக்ளோவிர் நன்றாக வேலை செய்யும் என்கிறார்கள். பாட்டி மருந்து கூடாது என்பார், மேனேஜர் லீவு கூடாது என்பார். இருவரையும் திருப்திப்படுத்த ஒரே வழி, வியர்த்துக்கொண்டே மாதக் கணக்கை முடித்துக் கொடுப்பது.

9. அடுத்தடுத்து மேசைகள் காலியாகும்போது வியப்படையுங்கள்.

“எங்கே போய்ட்டு வந்தீங்க? ஓட்டல்ல சாப்பிட்டீங்களா?” என்று போனில் விசாரியுங்கள். நுங்கு, இளநீர் சிபாரிசு செய்யுங்கள். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில், வீட்டில் யாருக்காவது தொற்றுநோய் இருந்தால் முன்கூட்டியே தெரிவிப்பது அனைவரின் சமூகப் பொறுப்பு என்று நாலு வரி எழுதிக் கும்பிடும் பொம்மைகளை வரிசையாகப் போடுங்கள். முதல் லைக் உங்களுடையதாகவே இருந்தாலும் தவறில்லை.

10. அப்ரைசலை மறக்காதீர்கள்.

“குடும்பத்தில் நோய் இருந்த நிலையிலும் தவறாமல் பணிக்கு வந்தார்” என்ற வரி உங்கள் படிவத்தில் ஏற வேண்டும். தானாக ஏறாது, மேனேஜரிடம் நினைவூட்டுங்கள். அவர் அப்போது பத்து நாளாக வீட்டில் கொப்புளத்தோடு படுத்திருப்பார். பரவாயில்லை, போனிலேயே நினைவூட்டுங்கள். ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள், காதிலும் இருக்கும்.