சிவப்புச் சேலையும் கொசு உள்ளானும்

குன்றாண்டார்கோவிலில் இருந்து பறவை பார்க்க ஒரு வேன் கிளம்பியது. ஏற்பாடு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். போகுமிடம் கோடிக்கரை: 1967-இல் சரணாலயமாகி, 2002-இல் ராம்சர் பட்டியலில் ஏறிய இடம். வாத்தியார் போட்ட நிபந்தனை இரண்டுதான். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடுத்தக் கூடாது. அங்கே போய் வாயைத் திறக்கக் கூடாது.

பட்டுக்கோட்டை டீக்கடை வெளிச்சத்தில் முதல் நிபந்தனை போயிற்று. மார்கழி அல்லவா? பெண்கள் பாதிப்பேர் மேல்மருவத்தூர் மாலையும் செக்கச்சிவந்த சேலையுமாக இறங்கினார்கள். அம்மனிடம் வாதாட முடியுமா, வாத்தியார் டீயைக் குடித்தார்.

இரண்டாவதைக் குதிரைகள் கெடுத்தன. கோடிக்கரையில் காட்டுக்குள்ளேயே பெருகிவிட்ட குதிரைகள் மேய்வதுண்டு. “நம்ம கோயில் மண்டபத்துக் கல்குதிரைக்கு உசுரு வந்தா இப்படித்தான்” என்றார் ஒருவர். யாருடைய குதிரை, பிடித்தால் என்ன விலை என்று பேச்சு வளர்ந்தது. பின்னால் வெளிமான் கூட்டம் ஒன்று துள்ளிப் போனதை வாத்தியார் மட்டும் பார்த்தார்.

சதுப்பில் பூநாரைகள் தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. இருந்தது ஒரே பைனாகுலர். ரேஷன் கடை வரிசை நின்றது. தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றுநீரைச் சலித்துத் தின்னும், குஞ்சு சாம்பல் நிறம், தின்கிற தீனியால்தான் சிவப்பு ஏறும் என்று வாத்தியார் விளக்கினார்.

“எம் பேரன் எதத் தின்னாலும் ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது, இதுக்கு நெறமே ஒட்டுதே!” என்றார் ஓர் அப்பத்தா.

காலடியில் ஓடியதோ கொசு உள்ளான். முப்பது கிராம்கூடத் தேறாது. சைபீரிய ஆர்க்டிக் கரையில் குஞ்சு பொரித்து, குளிருக்கு இங்கே வருவது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டாக இங்கே பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டித்தான் இந்தப் போக்குவரத்தைக் கண்டுபிடித்தார்கள்.

“சைபீரியாவுல இருந்தா சார்? எம் மவன் துபாய்ல இருந்து வர டிக்கெட் கெடைக்கலேங்கிறான்!” அப்பத்தா அங்கேயே போனைப் போட்டார். “ஏலேய்!”

உள்ளான் கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்தது.

சேற்றில் நிற்கையில் உள்ளானில் எது எந்த வகை என்று பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே பாடு. பறந்தால்தான் வால்மேட்டு வெள்ளை தெரியும்: முழு வெள்ளை என்றால் வேறு உள்ளான், நடுவே கறுப்பு ஓடினால் கொசு உள்ளானாக இருக்கலாம். பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்த வாத்தியார், கூட்டம் மறுபடி இறங்கியதும் கெஞ்சினார்:

“ஆத்தா, இன்னொரு தடவை கூப்பிடுங்க.”