எறிஞர் அகத்திணையியல்

பேஸ்பால் எறிஞனின் தொழில்வாழ்வை ஆராய்ந்தோர் இதுநாள்வரை அதைப் புறத்திணையிலேயே வைத்துவிட்டார்கள். சை யங் 511 ஆட்டம் வென்றார், நோலன் ரயன் 5,714 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார் என்று மெய்க்கீர்த்தி பாடுவதோடு அவர்கள் புலமை தீர்ந்துவிடும். இது பெரும்பிழை. எறிஞனின் வாழ்வு முழுக்க முழுக்க அகப்பொருள். தலைவன் அவன், தலைவி அவன் கை. இருவரும் கூடுவது, காத்திருப்பது, ஊடுவது, பிரிவது, இரங்குவது தவிர அந்த வாழ்வில் வேறொன்றும் நிகழ்வதில்லை. சம்பளம் என்று ஒன்று நிகழ்கிறதே என்பார்க்கு, அது பொருள்வயிற் பிரிவில் அடங்கும் என்க.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலமாவது 10 அங்குல உயரமுள்ள ஒரு மண்மேடு. அதன் உச்சியில் 24 அங்குல நீளத்தில் ஒரு ரப்பர் பலகை. அங்கிருந்து 60 அடி 6 அங்குலம் தள்ளி, 17 அங்குல அகலத்தில் ஹோம் பிளேட். இந்தத் தூரம் 1893 முதல் மாறவில்லை. பொழுதாவது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. கருப்பொருள்கள்: ரோசின் பை, பபிள்கம், சூரியகாந்தி விதை, ஆட்டம் முடிந்ததும் முழங்கையில் கட்டும் ஐஸ். தெய்வம், பந்தின் வேகம் காட்டும் ரேடார் கருவி. தோழி, எதிரே குந்தியிருக்கும் கேட்ச்சர். எந்தப் பந்து வேண்டும் என்பதைத் தொடைகளுக்கிடையே விரல் மறைத்துக் குறிப்பால் உணர்த்துவது அவள் கடன். 2022 முதல் இந்தக் குறிப்பை ஒரு மின்கருவி எறிஞனின் தொப்பிக்குள் ஓதிவிடுகிறது. தோழிக்கு வேலை பாதி போயிற்று. செவிலி, பிட்ச்சிங் கோச்.

நம்மவர் ஒரு ஐயம் எழுப்பக்கூடும்: இவனும் நம் பவுலர் போன்றவன்தானே? அன்று. கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டினால் குற்றம். 1995 டிசம்பரில் மெல்போர்னில் அம்பயர் டாரல் ஹேர், கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனின் பந்துகளை ஏழுமுறை நோ-பால் என்று அறிவித்தது, கையை மடக்கி நீட்டுகிறார் என்ற ஐயத்தின் பேரில்தான். பேஸ்பாலில் மடக்கி நீட்டுவதே தொழில். ஆகவே கிரிக்கெட்டில் முழங்கை நீதிமன்றத்துக்குப் போகிறது. இங்கே ஆஸ்பத்திரிக்குப் போகிறது.

இனி திணைகள். கைக்கிளையே முதலில் வரும்.

ஆசை ஒருபக்கமாகவே நிற்பது கைக்கிளை. மைனர் லீக் என்னும் ஏணியில் ரூக்கி, சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று ஐந்து படிகள். ஏறத் தொடங்குவோரில் பெரும்பாலோர் மேஜர் லீக் மேட்டை மிதிக்காமலே வீடு திரும்புகிறார்கள். உச்சிப் படியான டிரிபிள்-ஏயில் நிற்பவனுக்கே 2022 வரை ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 17,500 டாலர்தான். 2023இல் ஆட்டக்காரர் சங்கம் பேசி அதை 35,800 ஆக்கியது. அதே ஆண்டு மேஜர் லீகில் குறைந்தபட்சம் 7,20,000. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் இத்தனை பெரிய பள்ளம் வேறெந்த ஏணியில் உண்டு என்று தெரிந்தோர் உரைக்க.

இத்திணைக்குத் தலைமகன் ஸ்டீவ் டல்கௌஸ்கி. 1960இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் அணிக்கு 170 இன்னிங்ஸ் எறிந்தார். ஸ்ட்ரைக்-அவுட் 262. நான்கு பந்து தப்பான இடத்துக்குப் போனால் எதிராளிக்கு முதல் பேஸ் இனாம். அப்படி அவர் கொடுத்த இனாமும் 262. உலகம் இந்த அளவு சமன்பட்டதைத் துலாக்கோல்கூடக் கண்டதில்லை. அவர் எறிந்ததுதான் எக்காலத்துக்கும் வேகமான பந்து என்று கண்டோர் சத்தியம் செய்தார்கள். அன்று ரேடார் தெய்வம் அவதரிக்கவில்லை, ஆதலால் மறுப்பாரும் இல்லை. 1963இல் ஒருவழியாகப் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொள்ள இருந்தது. சீருடைக்கு அளவும் எடுத்தார்கள். அந்த மார்ச் மாதப் பயிற்சி ஆட்டத்திலேயே முழங்கை போயிற்று. மேஜர் லீகில் ஒரு பந்துகூட அவர் எறிந்ததில்லை.

குறிஞ்சி, புணர்தல். மலையும் மலை சார்ந்த இடமும் என்றால் மேற்சொன்ன மண்மேடே. கையும் ஆளும் ஒன்றிவிட்டால் எதிரே நிற்பவன் பாடு திண்டாட்டம். 1968இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.12 ரன்தான் கொடுத்தார். அப்படியும் அவர் பேரில் ஒன்பது தோல்விகள் எழுதப்பட்டன. சொந்த அணியினர் மட்டை பிடித்த அழகு அது. மற்ற எறிஞர்களும் அந்த ஆண்டு தலைகால் தெரியாமல் ஆடினார்கள். ரன் இல்லாத ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்? மேலிடம் ஒரு முடிவுக்கு வந்தது. அதுவரை 15 அங்குலமாயிருந்த மேட்டை 1969இல் 10 அங்குலமாக வெட்டி இறக்கினார்கள். காதலைக் கெடுக்க மலையையே சீவியது அகப்பொருள் வரலாற்றில் இது ஒன்றே.

முல்லை, இருத்தல். இதற்குரிய பொழுது மாலை என்பது மரபு. இங்கும் அது பிசகவில்லை. ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில், நூலிழை முன்னிலையைக் காக்க வருபவன் குளோசர். அதுவரை வேலிக்கு அப்பால் பெஞ்சில் விதை கொறித்துக்கொண்டு இருப்பது அவன் ஒழுக்கம். மேலாளர் போன் அடித்தால் எழுவான். அடிக்காவிட்டால் இருந்தபடி இருந்து வீடு போவான். மரியானோ ரிவேரா இதில் தலைசிறந்தவர். பனாமாவில் புவெர்த்தோ கைமித்தோ என்ற மீனவக் கிராமத்தில் வளர்ந்து, தந்தையின் படகில் மீன்பிடித்து, பின் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு 652 ஆட்டங்களைக் காத்துக்கொடுத்தார். நெய்தலில் வளர்ந்தவர் முல்லையில் எப்படி வாழ்ந்தார் என்று கேட்பவர், வலை வீசிவிட்டுக் காத்திருந்தவனுக்குப் பெஞ்சு புதிதல்ல என்று அறிக. அவர் எறிந்தது பெரும்பாலும் ஒரே வகைப் பந்து: கட்டர். வரும், கடைசி நொடியில் சற்றே விலகும், மட்டை முறியும். வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்து பயனில்லை. 2019இல் புகழ்மண்டபத்துக்கு வாக்களித்த ஒருவர்கூட விடாமல் அவரைத் தேர்ந்தார்கள். அதற்குமுன் அப்படி எவரும் தேர்வானதில்லை.

மருதம், ஊடல். இங்கே உரையாசிரியர்கள் முட்டிக்கொள்கிறார்கள். தலைவி காரணம் கருதி ஊடுவாளா, காரணமின்றியும் ஊடுவாளா? முதல் கட்சியார் சொல்வது: தலைவன் வேகத்தின் பின்னால் அலைகிறான், அதனால் கை சினக்கிறது, மேலே தெய்வம் என்று கூறப்பட்ட ரேடார் கருவியே இத்திணையில் பரத்தை. மறுகட்சியார் ஸ்டீவ் பிளாஸைக் காட்டுவர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பிளாஸ், 1971 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை முழுக்கத் தாமே எறிந்து கோப்பை வாங்கிக்கொடுத்தார். 1972இல் 19 வெற்றி. 1973இல் பந்து அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. 88 இன்னிங்ஸ் சொச்சத்தில் 84 இனாம் நடை. கையில் காயமில்லை, தோளில் வலியில்லை, மருத்துவர் கைவிரித்தார். தியானமும் செய்து பார்த்தார். வாயில்கள் எல்லாம் மறுக்கப்பட்டன. 1975இல் ஆட்டத்தை விட்டார். அவர் அலைந்தது எந்தப் பரத்தையின் பின்னால் என்று முதற்கட்சியார் இன்றுவரை விடை சொல்லவில்லை. ஆகவே காரணமின்றியும் ஊடல் நிகழும் என்பதே என் துணிபு.

ரிக் ஆங்கீலுக்கு நேர்ந்தது இன்னும் கொடிது. வயது 21, ஆண்டு 2000, கார்டினல்ஸ் அணியின் இளஞ்சிங்கம். பிளேஆஃப் முதல் ஆட்டத்தின் மூன்றாம் இன்னிங்ஸில், கேட்ச்சருக்கும் எட்டாத பந்துகள் ஐந்து. நாடே டி.வி.யில் பார்த்தது. சில ஆண்டுகள் கெஞ்சிப் பார்த்தவர், பின்பு ஒரு வேலை செய்தார்: எறிவதையே விட்டுவிட்டு மட்டையைப் பிடித்து, மைனர் லீகிலிருந்து மறுபடி ஏறி, 2007இல் அவுட்ஃபீல்டராகத் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன் அடித்தார். தலைவியின் கோபத்தைத் தணிக்க வேறு தொழில் பார்ப்பதும் ஓர் உத்தி என்று சேர்த்துக்கொள்க.

பாலை, பிரிதல். பாலைக்குத் தனி நிலம் இல்லை. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை. எறிஞனுக்கும் அப்படித்தான். மேட்டில் நிற்பவனுக்கும் நேரும். பெஞ்சில் இருப்பவனுக்கும் நேரும்.

முழங்கையின் உட்புறத்தில் மேற்கை எலும்பையும் கீழ்க்கை எலும்பையும் கட்டிவைத்திருக்கும் ஒரு சிறு நார் உண்டு. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வீசும் கணத்தில் பாரம் முழுதும் அதன்மேல் இறங்கும். ஒருநாள் அறும். 1974 ஜூலைவரை, அறுந்தால் அவ்வளவுதான். இழவு கேட்டுவிட்டு வேறு வேலை தேட வேண்டியது. அந்த மாதம் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கை எறிஞர் டாமி ஜானுக்கு அது அறுந்தது. செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், ஜானின் வலக்கையிலிருந்து ஒரு நாணை உருவி எடுத்து, இடக்கை முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார். தேறுவதற்கு நூறில் ஒரு பங்கு வாய்ப்பு என்று முன்னமே சொல்லிவிட்டார். சக்களத்தி தன் நாரைத் தந்து மூத்தாளைப் பிழைப்பித்த கதை வேறெந்த இலக்கியத்திலும் இல்லை. ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட பிரிவுக்குப் பின் 1976இல் ஜான் திரும்பினார், 1989வரை எறிந்தார். அறுவைக்குமுன் 124 வெற்றி, பின் 164. கூட்டினால் 288. இத்தனைக்கும் புகழ்மண்டபம் அவருக்குக் கதவு திறக்கவில்லை. அறுவைக்கு மட்டும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்று மேஜர் லீக் எறிஞர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதைச் செய்துகொண்டவர். ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ பிரிந்திருந்து மீள்வது இப்போது சடங்காகிவிட்டது.

நார் அறுந்தவர் இருக்கட்டும். நாரே இல்லாதவர் ஒருவர் உண்டு. 1996இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி, ஆர்.ஏ. டிக்கி என்ற கல்லூரி இளைஞரை முதல் சுற்றில் தேர்ந்து 8,10,000 டாலர் பேசியிருந்தது. ஒரு பத்திரிகை அட்டையில் அவர் கை ஒருமாதிரி மடங்கித் தொங்குவதை அணியைச் சேர்ந்த ஒருவர் கண்டார். ஸ்கேன் எடுத்தால், அந்த நார் இருந்த சுவடே இல்லை. பேச்சு 75,000 டாலருக்கு இறங்கியது. கரணமின்றிக் கூடியவருக்குச் சீர் இவ்வளவே என்று சபை தீர்த்தது. டிக்கி விடவில்லை. பத்தாண்டு மைனரிலும் மேஜரிலும் உழன்றபின், நக்கில்பால் என்னும் சுழலாத மெதுப்பந்தைக் கற்றார். அதை வைத்து 2006இல் எறிந்த முதல் ஆட்டத்தில் ஆறு ஹோம் ரன் வாங்கிக் கட்டிக்கொண்டார். 2012இல் நியூயார்க் மெட்ஸ் அணிக்கு 20 வெற்றி, ஆண்டின் சிறந்த எறிஞருக்கான சை யங் விருது. அறுவதற்கு நார் இல்லாததால் பிரிவும் இல்லை என்பது இவர் துறைக்கு உரை.

பிரிவு எப்போதும் கையால் வருவதன்று. சாண்டி கோஃபாக்ஸ் 1966இல் 27 ஆட்டம் வென்று, கீல்வாத முழங்கையோடு, 30 வயதில் தாமே விலகினார். மிச்ச வாழ்நாளில் கையை மடக்கி நீட்டும் சக்தி வேண்டுமே என்று எண்ணிய ஒரே எறிஞர். இதைத் தலைவன் பிரிவு எனத் தனித் துறையாக்குக.

உடன்போக்கும் பாலையைச் சேர்ந்ததே. எட்வின் ஜாக்சன் 2003 முதல் 2019வரை 14 அணிகளுக்கு ஆடினார். வேறெவரும் இத்தனை சீருடை மாற்றியதில்லை. ஊர்தோறும் வாடகைவீடு பிடித்தாலும் கையைக் கூடவே அழைத்துப்போனார். நடுவில் 2010இல் அரிசோனாவுக்காக 149 பந்துகள் எறிந்து, எட்டுப் பேருக்கு இனாம் நடை கொடுத்து, ஒருவரையும் ஹிட் அடிக்க விடாமல் முடித்தார். அதற்கு அடுத்த மாதமே அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள்.

நெய்தல், இரங்கல். 1959 மே மாதம் மில்வாக்கியில் ஹார்வி ஹாடிக்ஸ் 12 இன்னிங்ஸ் எறிந்தார். வந்த 36 பேரில் ஒருவரும் பேஸைத் தொடவில்லை. பதின்மூன்றாவதில் தோற்றார். மேலும் விரிப்பின் பெருகும்.

பெருந்திணை. இளமை கழிந்த பின்னும் விடாத காதல் இதன்பாற்படும். ஜேமி மோயர் 48 வயதில் முழங்கை அறுவை செய்துகொண்டு, 49 வயதில் 2012 ஏப்ரலில் கொலராடோ ராக்கீஸ் அணிக்கு ஓர் ஆட்டம் வென்றார். அதைவிட மூத்த வயதில் வேறொருவரும் வென்றதில்லை. சாச்சல் பேஜ், கறுப்பர் லீகுகளில் வாழ்நாளின் பாதியைக் கழித்து, மேஜர் லீக் தம் இனத்தாருக்குக் கதவு திறந்தபின் 1948இல் 42 வயதில் புதுமுகமாய் வந்தார். 1965இல் கான்சஸ் சிட்டி அணி 59 வயதில் அவரை மறுபடி அழைத்தது. கூட்டம் சேர்க்க அவரை ஓர் ஆடும் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு நர்ஸையும் நிறுத்தினார்கள். அவர் எழுந்துபோய் மூன்று இன்னிங்ஸ் எறிந்து, ஒரே ஒரு ஹிட் கொடுத்து, ரன் எதுவும் கொடாமல் வந்து உட்கார்ந்தார்.

புறனடை. ஷோஹெய் ஓதானி என்பவர் இந்நூலுக்கு அடங்கவில்லை. எறிவது வலக்கை, மட்டை பிடிப்பது இடப்பக்கம். 2018இலும் 2023இலும் வலது முழங்கையில் அறுவை. 2024 முழுதும் தலைவி பாலையில் கிடக்க, தலைவன் மட்டையோடு 54 ஹோம் ரன் அடித்து 59 பேஸ் திருடினார். 2025 ஜூனில் கை திரும்பியது. அக்டோபரில் ஒரே ஆட்டத்தில் பத்துப் பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்து, தாமே மூன்று ஹோம் ரன்னும் அடித்தார். இதைத் திணைமயக்கம் என்று எழுதிவைத்திருக்கிறேன். பிறவும் வந்துழிக் காண்க.