சொல்லி வைப்பவர்

செங்கல்பட்டில், உத்தியோகம் தேடும் வயதில் ஒரு பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் எவருக்கும் இவரை நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஒரு பெரிய அதிகாரியையும், பரனூர் மகிந்திரா சிட்டிக்குள் இரண்டு மூன்று மேனேஜர்களையும், மறைமலைநகர் ஆலைகளில் எண்ணற்ற ‘நம்ம ஆட்களை’யும் தம் வசத்தில் வைத்திருப்பதாகப் பிரஸ்தாபிக்கும் இவர், “தம்பி பயோடேட்டாவைக் கொடுங்க, ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்” என்று கையை நீட்டும்போது, கொடுக்காமலிருக்கும் மனோதிடம் எந்தத் தகப்பனாருக்கும் வாய்ப்பதில்லை.

இவருடைய காரியாலயம் கல்யாண மண்டபம். முகூர்த்தம் இவருக்கு ஒரு பொருட்டன்று, பந்திதான் பிரதானம். சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடைப்பட்ட அவகாசத்தில், பக்கத்து இலைக்காரர் எந்தக் கம்பெனி, அங்கே எச்.ஆர். யார், அவருக்குச் சொந்த ஊர் மதுராந்தகமா உத்திரமேரூரா என்றெல்லாம் விசாரித்து, பாயசம் வருவதற்குள் ஏதாவதொரு வகையில் அவரைத் தமக்குச் சம்பந்தி முறையாக்கி, நான்காக மடித்த பயோடேட்டாவை இடக்கையால் உருவி, எச்சில் கையோடு உட்கார்ந்திருக்கும் அம்மனிதர் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் விழிக்கையில், அவர் சட்டைப் பையிலேயே செருகிவிடுவார். அந்தச் சட்டை மறுநாள் சலவைக்குப் போகிறது; நம் பிள்ளையின் மதிப்பெண்கள் அதனோடு கரைந்துபோகின்றன. இவரோ அன்று மாலையே தொலைபேசியில் கூப்பிட்டு, “சொல்லி வச்சாச்சு அண்ணே, முதல் வாரத்துல நல்ல சேதி வரும்” என்பார். எந்த மாதத்து முதல் வாரம் என்று கேட்பது மரியாதையாகாது.

இவ்வளவோடு நின்றால் பாதகமில்லை. “நேரா அப்ளை பண்ணிடாதீங்க, ஆயிரத்தோட ஆயிரத்தொண்ணாப் போயிடும், நான் சொன்னதுக்கும் மதிப்பில்லாமப் போயிடும்” என்று ஒரு தடையுத்தரவும் போடுகிறாரே, அங்கேதான் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், சட்டம் காலியிடத்தைத் தெரிவிக்கச் சொல்கிறதே ஒழிய அங்கிருந்துதான் ஆளெடுக்க வேண்டுமென்று சொல்லவில்லை என்று வக்கீலைப் போல விளக்குவார். விளக்கம் சரிதான், 3 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தே தலை நரைத்தவர்கள் நம் ஜில்லாவில் இல்லாமலில்லை. ஆனால் இவரை நம்பி நரைத்தவர்களின் கணக்கை யார் எடுப்பது?

மாமல்லபுரத்தில், பெரும்பாறையில் ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் புரியும் உருவத்தின் முன் ஒருநாள் இவரோடு நின்றேன். அர்ச்சுனனென்று சிலரும் பகீரதனென்று சிலரும் சொல்லும் அம்மகான், யார் தயவுமின்றி ஈசனிடம் நேரடியாக விண்ணப்பித்தவரல்லவா என்று நான் சாடையாகச் சொன்னேன். இவர் கொஞ்சமும் அசரவில்லை. “மேல யாராவது சொல்லி வச்சிருப்பாங்க சார்” என்றார். அதே பாறையில், அதே பாவனையில் ஒரு பூனையும் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். அந்தப் பக்கம் இவர் திரும்பவேயில்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அறிமுகத்தால் வேலை கிடைப்பது பொய்யன்று. பாஸ்டன் நகருக்கு அருகே உத்தியோகம் மாறியவர்களை விசாரித்து 1973-இல் கட்டுரை எழுதிய மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், அறிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உதவியவர்கள் நெருங்கிய நண்பரல்லர், எப்போதாவது பார்த்துப் பேசுகிறவர்களே என்று கண்டார். காரணம், நம் வட்டத்துக்குள் வராத செய்தி அவர்களிடம் இருக்கிறது. அதாவது, இன்ன இடத்தில் ஆள் தேவை என்ற தகவல். நம்மவரிடமும் அது தாராளமாக உண்டு. ஆனால் எங்கே, எத்தனை இடம், கடைசித் தேதி என்ன என்பதைச் சொல்லிவிட்டால் தம் சிபாரிசுக்கு வேலையில்லாமல் போகுமே என்று அதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, பந்தியில் பரிந்து பேச மாமன் இல்லாமல் இருக்கும் பையனுக்கோ அந்த இடம் காலியாக இருந்ததே தெரிவதில்லை. இது அநியாயம், சிரித்து மழுப்ப எனக்கு மனமில்லை.

ஆயினும் காசு வாங்கும் பழக்கம் இவருக்குக் கிடையாது. கைப்பணத்தில் டிக்கெட் எடுத்து மின்சார ரயிலேறி, யாரோ ஒருவர் பிள்ளைக்காக ஆலை வாசலில் வெயிலில் நிற்பவரை வெறுக்கவும் முடியவில்லை. என் உறவுக்காரப் பையன் இவருக்குத் தெரியாமல் விண்ணப்பித்து, தேர்வெழுதி, வேலையில் சேர்ந்த செய்தி கேட்டு முதலில் ஓடிவந்தவர் இவரே: “பார்த்தீங்களா, நான் சொல்லி வச்சது வீண் போகல!”

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அவர் வந்தால் காப்பி கொடுங்கள். மனம் நோகாதபடி பயோடேட்டாவும் ஒன்று கொடுங்கள். கடைசித் தேதியை எப்படியாவது பிடுங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள்.