காகிதப்பூ பாலைத்திணைச் செடியே என நிறுவுதல்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் காகிதப்பூச் செடி நான்கு வருஷமாகப் பூக்கவில்லை. மதில் ஏறியது, பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டது, என் வேட்டியை இரண்டு முறை கிழித்தது. பூக்க மட்டும் மாட்டேன் என்றது. அதன் உடன்பிறப்பு இடமலைப்பட்டிப் புதூரில், என் அக்கா வீட்டு வாசலில், ஓட்டை பிளாஸ்டிக் வாளி ஒன்றில் நிற்கிறது. இரண்டும் வயலூர் ரோட்டு நர்சரியில் ஒரே நாளில் வாங்கியவை. அது வருஷத்தில் பாதி நாள் இலை தெரியாமல் பூத்துத் தள்ளுகிறது. இந்த வேற்றுமையின் காரணத்தைக் காண்பதே ஆய்வின் நோக்கம். இரண்டே செடியை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா என்று தடை எழுப்புவோர் உண்டு. ஒரு சோற்றைப் பதம் பார்க்கிற நாட்டில் நான் இரண்டு பார்த்திருக்கிறேன்.

முதலில் பெயராய்வு. ‘காகிதப்பூ’ என்பதில் காகிதம் சரி, பூ தவறு. அக்கா வீட்டில் ஒரு கொத்தைப் பறித்துப் பிரித்தேன். மெஜந்தா நிறத்தில் மூன்று ஏடுகள். வெயிலில் பிடித்தால் நரம்பெல்லாம் தெரிகிறது. விரலால் தேய்த்தால் பழைய பஞ்சாங்கத் தாள் போல் சலசலக்கிறது. இவை இதழ்கள் அல்ல, பூவைத் தாங்கும் இலைகள். ஒவ்வோர் ஏட்டின் நடுநரம்பிலும் தீக்குச்சியை விட மெல்லிய குழல் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதன் நுனியில் மிளகளவு வெள்ளை நட்சத்திரம். அதுதான் பூ. ஊரே கொண்டாடுவது பந்தலை, மாப்பிள்ளை உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்.

வம்ச பரம்பரை அடுத்தது. அந்திமந்தாரை இதற்குப் பங்காளி. கொல்லையில் தானே முளைத்துக் கிடக்கும் மூக்கிரட்டையும் அதே குடும்பம்தான். கீரையென்று மூக்கிரட்டையை ஆய்ந்து பொரியல் செய்கிறோம், அதன் பெரியப்பா மகனை நர்சரியில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பூர்விகம் தென்னமெரிக்கா. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிய பிரெஞ்சுக் கப்பல் தலைவர் புகேன்வில்லின் பெயர்தான் ‘போகன்வில்லா’ ஆயிற்று. அப்பயணத்தின் தாவரவியலாளர் கொம்மர்சோன். அவருக்கு உதவியாளாக ஆண் வேடத்தில் கப்பலேறியவர் ழான் பாரே. கடல்வழியே உலகைச் சுற்றிய முதல் பெண்ணாக அறியப்படுபவர். இலை பூ வேடம் போடும் செடி, பெண் ஆண் வேடம் போட்ட பயணத்தின் தலைவர் பெயரைத் தாங்குகிறது. ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பகல்பத்தின் பத்தாம் நாள் நம்பெருமாளே மோகினி அலங்காரத்தில் எழுந்தருளும் ஊர் இது.

இனி இலக்கியச் சான்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார், காகிதப்பூ இல்லை. புலவர் மறந்துவிடவில்லை, செடி அப்போது பிரேசில் பக்கம் இருந்தது. எனவே திணை வகுக்கும் பொறுப்பு இவ்வாய்வாளன் தலையில் விழுந்திருக்கிறது. முக்கொம்பில் பிரிந்த காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வண்டலும் வாழையுமாகக் கிடக்கிற ஸ்ரீரங்கம் சந்தேகமில்லாத மருதம். செடியோ தண்ணீரைக் கண்டால் முகம் திருப்புகிற பாலை. திணை மயங்கலாம், நிலத்தோடு நிலம் மயங்கக் கூடாது என்பது தொல்காப்பியர் விதி. வயலூர் ரோட்டில் ஆட்டோ பிடிக்கும் அவசரத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில் பிறர் கொள்கையை மறுப்பதும் ஒன்று. இங்கே பிறர் என்பது என் மாமியார். அவர் கொள்கை: வாடுகிற செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி, நடுவே அரிசி களைந்த கழனித் தண்ணீர், காய்கறித் தோல், வெள்ளிக்கிழமை சாணிக் கரைசல். தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் வைத்துத் தொண்டு செய்த ஊரில், சாமிக்கு வைக்க முடியாத பூவுக்கு எதற்கு இடம் என்று முணுமுணுப்பவரும் அவரே. முணுமுணுத்துக்கொண்டேதான் ஊற்றுவார்.

நர்சரிக்காரர் வேறு மரபைச் சேர்ந்தவர். “சார், இதைக் கண்டுக்காதீங்க. கண்டுக்காம விட்டீங்கன்னா பூக்கும்” என்றார். தாவரவியலும் அவர் கட்சிதான். வேர் காய்ந்தால் கொடியின் ஓட்டம் நிற்கிறது, நீள்வதற்குச் செலவான சக்தி பூக்கத் திரும்புகிறது. தழைச்சத்து அதிகமானால் இலையாகவே தள்ளும். ஆகவே சாணியும் யூரியாவும் ஆகாது. ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். தொட்டி சின்னதாக, வேர் முட்டிக்கொண்டு நிற்பதே உத்தமம். இலை லேசாகத் தொங்கியபின் ஒரே தடவையாக நிறைய ஊற்றிவிட்டு, மறுபடி தொங்கும்வரை அந்தப் பக்கம் போகக் கூடாது. புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் ஒரு சுற்று பூத்து முடிந்ததும் வெட்டிவிட வேண்டும். சென்னை நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் லாரிப் புகையில் அது பூத்துக் குலுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை.

இடையில் ஓர் உண்மை கிடைத்தது. அதைச் சொல்லாமல் போக மனமில்லை. காகிதப்பூவின் முள்ளும் பூங்கொத்தும் இலைக்கக்கத்தில் ஒரே இடத்திலிருந்து வருபவை. சூழ்நிலை பார்த்து அந்த அரும்பு ஒன்று பூவாகும், அல்லது முள்ளாகும். ஆக, என் வேட்டியைக் கிழித்தவை பூவாக வேண்டியவை. ஒவ்வொரு கிழிசலுக்குப் பின்னாலும் மாமியாரின் ஒரு வாளி இருக்கிறது.

இதை அவரிடம் ஆதாரத்தோடு எடுத்துரைத்தேன். “பச்சை உயிரைப் பட்டினி போட்டா குடும்பத்துக்கு ஆகுமா மாப்ள?” என்று கேட்டார். அதற்கு நன்னூலில் பதில் இல்லை. பதினைந்து நாள் தண்ணீரை நிறுத்துவதாக ஒப்பந்தம் ஆயிற்று. நான்காம் நாள் விடிகாலையில் எழுந்து பார்த்தபோது செடியடியில் மண் ஈரமாக இருந்தது. “பனியா இருக்கும்” என்றார். மாதம் மார்ச்.

முடிவு வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. மச்சினியின் பிரசவத்துக்காக ஏப்ரல் கடைசியில் மாமியார் உட்பட எல்லோரும் கோவை போனோம். கிளம்பும் முன் பக்கத்து வீட்டாருக்காக மதிலுக்கு மேலே போன கொடிகளை வெட்டினேன். செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றும்படி எதிர்வீட்டுப் பையனிடம் 300 ரூபாயும் கொல்லைச் சாவியும் ஒப்படைத்தார் மாமியார். நாங்கள் திரும்பியது ஜூன் முதல் வாரம். மேட்டூர் திறக்கவில்லை, பாலத்திலிருந்து பார்த்தால் காவிரி கரைக்குக் கரை மணல். கிணற்றில் வாளி கட்டாந்தரையில் இடிக்கிற சத்தம். கத்திரியில் மருதமே பாலையாகிவிட்டிருந்தது.

கொல்லைக் கதவைத் திறந்தால் மதில் முழுக்க மெஜந்தா. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அந்த நிமிஷம்தான் புரிந்தது.

மாமியார் கண் கலங்கிவிட்டார். “பார்த்தீங்களா மாப்ள, ஒழுங்கா ஊத்தினா பூக்காதா?” பையனைக் கூப்பிட்டு இன்னொரு நூறு ரூபாய் கொடுத்தார். “தினமும் ஊத்தினேன் பாட்டி” என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

வாளி நாங்கள் கவிழ்த்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். உள்ளே விளிம்புக்கு விளிம்பு சிலந்தி வலை, நடுவில் சிலந்தி. பையன் என்னைப் பார்த்தான். ஆய்வாளன் வாளியைப் பழையபடி கவிழ்த்து வைத்தான்.